குத்துவிளக்கின் இடத்தில் ஒரு பொய்கை

நான் நாள்தோறும் ஓதும் பதிகங்களில் நீர் இல்லாத ஊர் கிடையாது. இறைவன் எழுந்தருளிய தலம் எதுவாயினும் அதைச் சூழ வயல் இருக்கும். வயலில் கயல் துள்ளும், மடையில் செங்கழுநீர் பூக்கும், பொய்கைக் கரையில் நாரை உறங்கும். அந்தப் பாடல்களை மீசை அரும்பாத வயதிலிருந்து ஓதி வருகிறேன். ஓதும் இடமோ அருப்புக்கோட்டை. பாடி முடித்துக் கோபுர வாசலுக்கு வெளியே வந்தால் தெரிவது வேலிக் கருவேலம். அதைத் தாண்டினால் கரிசல். கரிசலைத் தாண்டினால் மறுபடியும் வேலிக் கருவேலம். திருச்சுழிப் பக்கம் எங்கள் தகப்பனார் வைத்திருந்த மானாவாரிக் காட்டுக்குப் போகும்போதெல்லாம் குண்டாற்றைப் பார்ப்பேன். பெரும்பாலும் மணலைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே கண்ணை மூடி 'கயல்' என்று ஓதும்போது என் மனத்தில் எழுந்தது சந்தையில் ஐஸ் பெட்டிக்குள் கண்ணைத் திறந்தபடி கிடந்த மீன்தான். இதில் எனக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. காணாததைப் பாடுவதும் பக்தியில் ஒரு வகை என்றே எண்ணியிருந்தேன். பருத்தி வியாபாரத்தை விட்டு ஓய்ந்த பிறகு, போன ஆண்டு ஆடி மாதத்தில், ஒரு பொய்கை தானாகவே வீடு தேடி வந்தது.

அதைக் கொண்டுவந்தவள் என் மகள். அவள் கணவருக்கு வடக்கே வெகுதூரத்தில் மாற்றல் ஆகியிருந்தது. மதுரையில் குடியிருந்த வீட்டைக் காலி செய்தவள், மற்ற சாமான்களை எல்லாம் லாரியில் ஏற்றிவிட்டு, தன் மீன் தொட்டியை மட்டும் காரின் பின் இருக்கையில் வைத்து, பிள்ளைக்குப் போடுவதுபோல் பெல்ட் போட்டு அழைத்து வந்தாள். மீன்கள் காற்றடைத்த பைகளில் வந்தன. செடிகள் ஈரமான செய்தித்தாளில் சுருட்டப்பட்டு வந்தன. மீன்கள் அவளுக்கு இரண்டாம் பட்சம். செடிகளே அவள் செல்வம்.

அவை தண்டுச் செடிகள். நிலத்துச் செடியைப்போல் நேரே எழும்பி, கணுவுக்குக் கணு இலை விட்டு, நீருக்குள்ளேயே வாழ்கின்றவை. தண்டை ஒடித்துத் தொட்டியின் அடிமண்ணில் செருகினால் போதும். கணுவிலிருந்து வேர் இறங்கிவிடும். ஒன்று பசுமை; கொத்தமல்லித் தழைபோல் நுணுக்கமான இலை. ஒன்று நுனியில் மட்டும் இளஞ்சிவப்பு. மூன்றாவது, வெற்றிலை போட்ட நாக்கின் சிவப்பு. "இதெல்லாம் நம்ம நெல்லு வயல்ல களையா மொளைக்கிற சாதிதான்ப்பா" என்றாள் மகள். அந்த ஒரு சொல்லில் நான் அந்தச் செடிகளுக்கு அடிமையானேன். பாடல்களில் வரும் அந்த வயல்களின் ஓரத்தில், கயலும் நாரையும் பார்த்துக்கொண்டிருக்க, இந்தச் செடிகளும் நின்றிருக்கும் அல்லவா? பாடியவர்கள் பூவைப் பாடினார்கள். களையைப் பாட மறந்தார்கள். அது மட்டுமன்று. நான் வணங்கும் பெருமான் சிவந்த மேனியன். நீருக்குள் ஒரு சிவப்பு அசைவதைப் பார்த்துக்கொண்டே அவனைப் பாட வேண்டும் என்ற ஆசை அன்றைக்கே என்னைப் பிடித்துக்கொண்டது.

தொட்டிக்கு இடம் தேடினோம். வெயில் நேராக விழக்கூடாது, கரண்ட் பிளக் பக்கத்தில் இருக்க வேண்டும், தரை உறுதியாக இருக்க வேண்டும் என்று மகள் சொன்ன விதிகளுக்கெல்லாம் பொருந்திய இடம் வீட்டில் ஒன்றுதான். கூடத்தில், பூசை அறை வாசலை ஒட்டிய சுவர். அங்கே என் மனைவியின் குத்துவிளக்கு நின்றது. அவள் பிறந்த வீட்டுச் சீராக வந்து, அவள் இடுப்பு உயரத்துக்கு நிற்கும் விளக்கு. கல்யாணமாகி வந்த நாள்தொட்டு அது இடம் மாறியதில்லை. மகள் முகத்துக்காக அதை பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நகர்த்தச் சம்மதித்தாள். ஆனால் மகளின் கார் தெருமுனை திரும்பியதும் என்னிடம் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"கார்த்திகை வரைக்கும் இருக்கட்டும். பெரிய கார்த்திகையன்னைக்கு விளக்கு அதோட எடத்துக்கு வந்துரணும். அதுக்குள்ள உங்க செடி எனக்குக் கண்ணுக்கு அழகா நின்னுச்சுன்னா அப்பப் பேசுவோம். இல்லாட்டி கண்ணாடிப் பெட்டிய மாடிக்கு ஏத்துங்க. பழைய சொளகு, மொறம் வைக்க ஒரு பெட்டி வேணும்னு நானும் ரொம்ப நாளாப் பாக்குறேன்."

விளக்கு அங்கே திரும்பினால் தொட்டிக்கு அந்த வீட்டில் வேறு போக்கிடம் இல்லை. கார்த்திகை வரை அந்தச் சிவப்பைக் காப்பதே அன்றுமுதல் என் நோன்பாயிற்று.

முதல் சில வாரங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன. காலையில் குளித்து, பதிகம் ஓதி முடித்து, ஒரு செம்பு நீரைத் தொட்டியில் வார்ப்பேன். ஆடிக் காற்றில் நீர் ஆவியாகிக் குறைந்துகொண்டே போகும்; குறைந்ததை வார்த்து நிரப்புவேன். பெருமானுக்குத் திருமஞ்சனம் ஆட்டுகிற பாவனையில் அந்தச் செம்பைச் சாய்ப்பதில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது. ஒரு செம்புதானே என்று மனைவியும் பொறுத்துக்கொண்டாள்.

புரட்டாசி பிறந்தபோது சிவப்பு வெளிறத் தொடங்கியிருந்தது. வெற்றிலை நாக்கு காய்ச்சல்காரன் நாக்காயிற்று. பிறகு வைக்கோல் நிறம். இலைகளின்மேல் திருநீறு தூவியதுபோல் ஒரு வெண்மை படிந்தது. கண்ணாடியின் மேல்விளிம்பில், நீர் தொட்டுத் தொட்டு இறங்கிய இடத்தில், சுண்ணாம்புக் கோடு ஒன்று பட்டையாய் விழுந்தது. மீன்களுக்கு ஒரு குறையுமில்லை. அவை குட்டி போட்டுப் பெருகின. செடிகள்தான் பிணியாளர்போல் நின்றன. மனைவி வீடு பெருக்கும்போதெல்லாம் தொட்டியை ஒரு பார்வை, பிரிட்ஜுக்குப் பக்கத்து விளக்கை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு அருகில் வண்ணமீன் விற்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் என்னைவிட இளையவர், பருமனானவர், சிரித்தால் கடையில் உள்ள நீரெல்லாம் அதிரும். அலைபேசியில் எடுத்த படத்தை அவரிடம் காட்டினேன். எந்தத் தண்ணீர் என்று கேட்டார். வீட்டு போர் தண்ணீர் என்றேன். எத்தனை நாளைக்கொருமுறை தண்ணீர் மாற்றுகிறேன் என்று கேட்டார். மாற்றுவதா, நிரப்புகிறேனே என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். நம் மண்ணின் நீரில் உப்பு அதிகம். வெயிலில் நீர் போய்விடும், உப்பு போகாது. ஊற்ற ஊற்ற உப்பு ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கை வெளியே எடுத்துவிட்டுப் புதுநீர் விட வேண்டும் என்று விளக்கினார். குழாய் வைத்து உறிஞ்சி இறக்கும் வித்தையையும் காட்டினார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"கோயில்ல நட்ட வில்வக் கன்னு தண்ணியில்லாம வாடிக் கெடக்கு. இங்க மீனுக்கு வாரா வாரம் தண்ணி மாத்துறீகளாக்கும்? மகாராசா வீட்டு மீனு."

எங்கள் தெருக்கோடியில் உள்ள சிவன் கோயிலின் பின்பக்கம் அவள் நட்டுவைத்த கன்று அது. குருக்கள் மோட்டார் போடும் நாளில் அதற்கு ஒரு வாய் தண்ணீர் கிடைக்கும். மற்ற நாளெல்லாம் பெருமான் விட்ட வழி.

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தச் சீமையில் நீருக்கு ஒரு முறை உண்டு. அரிசி களைந்த நீர் மாட்டுக்குப் போகும். பாத்திரம் கழுவிய நீர் கறிவேப்பிலைக்குப் போகும். குளித்த நீர் வாழைக்குப் போகும். அழுக்கான நீருக்கெல்லாம் ஓரிடம் விதிக்கப்பட்டிருக்கிறது. தெளிந்த நீரைத் தரையில் ஊற்றுவதற்கு மட்டும் விதியே இல்லை. அப்படி ஒருவர் செய்வார் என்று யாரும் நினைத்ததில்லை. அதைச் செய்வது சோற்றை மிதிப்பதற்குச் சமம்.

இருந்தாலும் கார்த்திகை நெருங்கிக்கொண்டிருந்ததே. மறுநாள் காலை மனைவி கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்துக் குழாயை வைத்தேன். வாளி நிரம்பியது. தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். குனிந்து பார்த்தேன். பளிங்குபோல் தெளிந்த நீர். வாளியின் அடி தெரிந்தது. என் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் வானம் தெரிந்தது. கறிவேப்பிலை ஏற்கெனவே பாத்திரம் கழுவிய நீரில் நனைந்து நின்றது. வாழைக்கு என் குளியல் நீரே நிறைந்திருந்தது. வேண்டாத இடத்தில் ஊற்றினால் கொட்டியதாகத்தான் கணக்கு. வாளியைச் சாய்க்கப் பார்த்தேன். கை வரவில்லை. பஞ்ச காலத்தில் குடத்தோடு நடந்த என் முன்னோர் அத்தனை பேரும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது.

வாளியைத் துளசி மாடத்தருகில் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நடுப்பகலில் போய்ப் பார்த்தேன்; இன்னும் தெளிவாக இருந்தது. சாயங்காலம் பார்த்தேன், ஒரு காக்கை அதில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் யோசிக்கவில்லை. ஒரு துணியால் வடிகட்டி, வாளி நீரைப் பத்திரமாகத் தொட்டியிலேயே திரும்ப ஊற்றிவிட்டேன். மனம் அமைதியடைந்தது.

அடுத்த வாரமும் அவ்வாறே செய்தேன். அதற்கடுத்த வாரம் கடைக்காரரிடம் போய், சொன்னபடி தண்ணீர் எடுத்தும் செடி தேறவில்லையே என்று முறையிட்டேன்.

"எடுத்த தண்ணிய எங்கய்யா ஊத்துனீங்க?"

"தொட்டியிலதான்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். கல்லாப்பெட்டியில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். கடைக்கு வந்திருந்த ஒருவரிடம் சொல்ல முயன்று, சொல்ல முடியாமல் மறுபடியும் சிரித்தார். "குளிச்சுட்டு அதே அழுக்கத் தேய்ச்சுக்கிட்டு வந்த கதையால்ல இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் நெடுநேரம் சிரித்தோம். பஸ் ஏற நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்தக் கூத்தை மனைவியிடம் மறைக்க மனம் வரவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தொட்டியின் மேல்விளிம்பில் இருந்த வெள்ளைக் கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வெந்நீர் போடும் குண்டானின் அடியில் பிடிக்கும் உப்புக் காரையும் இதுவும் ஒன்றுதான் என்றாள். பிறகு வந்து உட்கார்ந்து மோரை ஊற்றினாள்.

"நானா இருந்தாலும் ஊத்தியிருக்க மாட்டேன். கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணிய யாரு கீழ ஊத்துவாக?"

தொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மீன் கெடந்த தண்ணி சாமி மரத்துக்கு ஆகுமா? நீங்கதான பாட்டுப் படிச்சவுக, சொல்லுங்க."

என் வாழ்நாளில் என் படிப்பைப் பற்றி அவள் கேட்ட முதல் ஐயம் அது. அதற்கு விடை சொல்வதற்காகவே இத்தனை காலம் ஓதினேனோ என்று தோன்றியது. கையில் மோர்ச் சோற்றோடு சொல்லத் தொடங்கினேன். பாடல் பெற்ற எந்தத் தலத்துக் குளத்தில் மீன் இல்லை? கயல் துள்ளாத தீர்த்தம் ஒன்று காட்டு. அந்தத் தீர்த்தத்தில்தானே அடியவர் குளித்தார்கள், அதையே குடத்தில் முகந்து பெருமானுக்கு ஆட்டினார்கள்? மீன் விலக்கென்றால் பதிகங்களில் பாதியை விலக்க வேண்டும். தலம் தலமாகச் சொல்லிக்கொண்டே போனேன். கை காய்ந்துவிட்டது. கேட்டது ஒரு வார்த்தைதானே என்று அவள் எழுந்து போனாள். ஆனால் மறுநாள் காலையில் வாளியோடு தொட்டியருகில் நின்றவள் அவள்தான்.

குருக்களிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டோம். நம் தெப்பக்குளத்தில் தண்ணீர் இருந்த காலத்தில் மீன் இல்லாமலா இருந்தது என்று அவர் சிரித்தார். கன்று பிழைத்தால் தமக்கு வில்வம் வாங்க மதுரைக்கு ஆள் சொல்லிவிடும் வேலை மிச்சம் என்றார். வில்வக் கன்றின் அடியில் பாத்தி கட்டி, நான் வாளியைச் சாய்த்தேன். இம்முறை கை தயங்கவில்லை. கரிசல் அந்த நீரை ஒரே மிடறில் குடித்தது. கொட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. படைத்ததாகத் தோன்றியது. இரண்டும் ஒரே சாய்வுதான். சேரும் இடம்தான் வேறு.

இனித் தொட்டியில் ஊற்றுவதற்குப் புதுநீர் வேண்டும். போர் தண்ணீரே மறுபடியும் என்றால் உப்பும் மறுபடியும்தான். மழைநீர் பிடித்துப் பாதிக்குப் பாதி கலந்துவிடுங்கள், செடி என்னமாய்ச் சிவக்கிறதென்று பாருங்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மழைநீர்! அருப்புக்கோட்டையில் ஒருவர் மழைநீருக்குக் காத்திருப்பது தவத்தில் சேரும்.

ஐப்பசி பிறந்தும் வானம் வெளுத்தே கிடந்தது. மல்லாங்கிணறு பக்கம் நல்ல மழை என்றார்கள். திருச்சுழி பக்கம் தூறல் என்றார்கள். எங்கள் தெருவுக்கு மேகம் வழி கேட்டுக்கொண்டு வருவதாகத் தோன்றியது. ஒரு பிற்பகலில் தெற்கே இருட்டிக்கொண்டு வந்தது. முதல் துளி விழுந்த உடனே இருவரும் மாடிக்கு ஓடினோம். ஓடினோம் என்று எழுதுகிறேன். எங்கள் முழங்கால்களுக்கு அது ஓட்டம்தான். முதல் மழை மாடித் தளத்தைக் கழுவட்டும் என்று விட்டோம். தளம் கழுவிய பிறகு, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே என் வெள்ளை வேட்டியைக் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போட்டு, அதன்கீழ் பாத்திரம் வைத்தோம். பிளாஸ்டிக் வாளியைத்தான் நான் கொண்டுபோயிருந்தேன். அவள் கீழே போய், சீராக வந்த பித்தளை அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தாள். படியில் அது எழுப்பிய ஓசை இடியோடு சேர்ந்துகொண்டது.

குடையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். ஆனால் குடையைத் தனக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தகரக் கூரையிலிருந்து தெறித்த அழுக்குத் துளிகள் அண்டாவில் விழாதபடி பிடித்தாள். நாங்கள் நனைந்தோம். வேட்டியின் நடுவிலிருந்து நீர் நூலாக இறங்கி அண்டாவில் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர், "என்ன ஆச்சி, கலியாணமா? அண்டா எல்லாம் எறங்கிருச்சு?" என்று கேட்டார். "ஆமா, செடிக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தப் போறோம்" என்று அவள் கூவினாள். எனக்கு வாயில் ஒரு பதிகம் தானாக வந்தது. மழையில் அது யாருக்கும் கேட்கவில்லை.

மழைநீர் தொட்டியில் இறங்கிய பிறகு செடிகளுக்கு ஒரு வைத்தியம் பாக்கி இருந்தது. கடைக்காரர் சொல்லாமலே எனக்கு அது தெரியும். எங்கள் காட்டில் பருத்தி நெடுநெடுவென்று எழும்பினால் தலையைக் கிள்ளிவிடுவோம். அப்போதுதான் பக்கக் கிளை வெடிக்கும். இந்த நீர்ச் செடிகளுக்கும் அதே நியாயந்தான். தண்டின் நுனியைக் கிள்ளி, கிள்ளிய நுனியை மண்ணில் செருகினால், அடித்தண்டு இரண்டாய்க் கிளைக்கும்; நுனியும் தனிச் செடியாகும். வெள்ளிக்கிழமை செடியில் கை வைக்கக்கூடாதென்று மனைவி தடுத்ததால் சனிக்கிழமை கிள்ளினேன். வைக்கோல் நிறத்துப் பழைய இலைகளை எல்லாம் கழித்துவிட்டு, இளநுனிகளை நெருக்கமாக நட்டேன். தொட்டி மொட்டையடித்த பிள்ளைபோல் நின்றது. "திருப்பரங்குன்றத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தாப்புல இருக்கு" என்றாள் அவள்.

பிறகு, கண்ணுக்குத் தெரியாமல் அது நிகழ்ந்தது. முதலில் நுனியின் இரண்டு இலைகளில் ஓர் ஐயம்போல் செம்மை. தொட்டியின் மேல் எரியும் மின்விளக்கின் ஒளியோ என்று அதை அணைத்துப் பார்த்தேன். மறுநாளும் இருந்தது. அடுத்த கணுவுக்கு இறங்கியது. இளஞ்சிவப்பு, செங்கல் நிறம், பிறகு மாதுளை. கார்த்திகை பிறந்தபோது தொட்டியின் பின்வரிசை முழுவதும் அந்திவானமாயிற்று. முன்வரிசைப் பசுமை அதற்குக் கரை கட்டியது. குட்டி மீன்கள் சிவப்புக்குள் புகுந்து பசுமையில் வெளிவந்தன. ஒன்று துள்ளவும் துள்ளியது. கயல்தான், அளவில் சிறிது, அவ்வளவே. கோயில் வில்வத்தில் மும்மூன்று இலையாகப் புதுத்தளிர் வந்திருப்பதை மனைவி தினமும் போய் எண்ணிவிட்டு வந்தாள்.

பெரிய கார்த்திகை அன்று சாயங்காலம். வாசலில் அகல்களை ஏற்றிவிட்டு அவள் உள்ளே வந்தாள். நான் தொட்டியருகில் நின்றிருந்தேன். தவணை முடிந்த நாள் அல்லவா? அவள் நேரே பிரிட்ஜுக்குப் பக்கத்தில் போய்க் குத்துவிளக்கின் தண்டைப் பற்றினாள். சிவப்பு வந்தும் தொட்டி மாடிக்குத்தானா?

"பாத்துக்கிட்டு நிக்கிறீகளே, ஒரு கை பிடிங்க" என்றாள்.

பிடித்தேன். விளக்கைத் தூக்கிக் கூடத்துக்கு வந்தோம். சுவருக்கருகில் கொண்டுபோகாமல் தொட்டிக்கு ஒரு முழம் முன்னால், பக்கவாட்டில் அவள் நின்றுவிட்டாள். இங்கேயே வை என்று கண்ணால் காட்டினாள். வைத்தோம். எண்ணெய் வார்த்து, திரி இட்டு, ஐந்து முகமும் ஏற்றினாள். ஏற்றிவிட்டு எழுந்து பின்னால் வந்து நின்றாள்.

கண்ணாடிக்குள் இன்னொரு விளக்கு எரிந்தது. அது செடிகளுக்கு நடுவில், நீருக்குள், சிவப்பின் அடியிலிருந்து எரிந்தது. இலைகள் அசைய அசைய எது சுடர் எது செடி என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நீரும் நெருப்புமாய் நிற்பவனைப் பற்றி எத்தனையோ முறை பாடியிருக்கிறேன். அன்று முதலில் பாடத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, செங்கழுநீர் ஓடை வரும் பதிகம் ஒன்று தானாகவே வாயில் வந்தது. இம்முறை கண்ணை மூடாமலே பாடினேன்.

மனைவி முழுவதும் கேட்டாள். முடித்ததும் கற்பூரம் ஏற்றிக் காட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, தொட்டியின் பக்கமாக ஒருமுறை குனிந்து பார்த்தாள்.

"நாளைக்குத் தண்ணி மாத்துற நாளு. அண்டாவுல மழைத் தண்ணி இன்னும் கொஞ்சம் கெடக்கு. பாட்டுலயே இருந்துட்டு மறந்துறாதீக, வில்வம் காத்துக்கிட்டிருக்கும்."